சந்திரமோகன் இன்னும் வந்து சேரவில்லை

1

இந்தக் கதை ஒரு கல்யாணப் பந்தியில் பிறந்தது. சிகந்திராபாத்தில் கல்யாணம். என் இடப்பக்கம் உட்கார்ந்த இரண்டு பேர் சாம்பாரில் கை வைத்ததிலிருந்து ஒரே சண்டை. மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் போவதென்றால் எவ்வளவு திட்டம் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும் என்பதுதான் விஷயம். எந்த ஊரில் டீ குடிப்பது என்பது வரை முடிவு செய்யாதவன் வண்டியையே தொடக் கூடாது என்கிறார் ஒருவர். டேங்கில் பெட்ரோல் இருந்தால் போதும், மற்றதை ரோடு பார்த்துக்கொள்ளும் என்கிறார் இன்னொருவர். ரசம் வந்தது, மோர் வந்தது, சண்டை தீரவில்லை.

என் வலப்பக்கம் ஒரு அம்மாள் இருந்தார். அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர். பாயசத்தை முடித்து, இலையை மடித்து, யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"பிளான் இல்லாம போறவன் எப்படியாவது வீடு வந்து சேந்துடுவான். பிளான் போட்டுட்டுப் போறவனை நினைச்சாத்தான் எனக்கு பயம்."

எழுந்து கை கழுவப் போய்விட்டார். பெயரையாவது கேட்கலாம் என்று பின்னாலேயே ஓடினேன். கூட்டத்தில் ஆளைக் காணோம்.

என்னிடம் இருக்கிற சரக்கு இவ்வளவுதான். இனி வருவது முழுக்கக் கற்பனை. வழக்கமாக நான் முதல் வரியை எழுதிவிட்டு, அது இழுக்கிற பக்கம் போகிற ஆசாமி. இந்த ஒரு கதையையாவது முறையாகத் திட்டம் போட்டு எழுதிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். என்ன ஆயிற்று என்று நீங்களே பார்க்கப் போகிறீர்கள்.

2

முதல் தொடக்கம்: "ராமச்சந்திராபுரத்தில், கனரக இயந்திரங்கள் செய்யும் பொதுத்துறைத் தொழிற்சாலையின் பணியாளர் குடியிருப்பில், எழுபதுகளின் பிற்பகுதியில்—" அடித்துவிட்டேன். இது கதை இல்லை, டெண்டர் அறிவிப்பு.

இரண்டாம் தொடக்கம்: "மோட்டார் சைக்கிள் என்பது மனிதனின் சுதந்திர—" வேண்டாம். இந்த வாக்கியத்தை முடிக்கிறவர்கள் யாரும் மழையில் நின்று வண்டியை உதைத்து உதைத்துக் கால் வீங்கியவர்களாக இருக்க முடியாது.

மூன்றாம் தொடக்கம்: "கணவன் செத்துப்போனான் என்று சாந்தாவுக்குத் தெரிந்தபோது அவள் உளுந்து களைந்துகொண்டிருந்தாள்."

இதை எழுதிவிட்டு எனக்கே தூக்கிவாரிப்போட்டது. என் திட்டத்தில் சாவே கிடையாது. சிரிக்கச் சிரிக்க ஒரு பயணக் கதை, அவ்வளவுதான் போட்டிருந்தேன். அடிக்கப் போனேன், கை வரவில்லை. அப்படியே இருக்கட்டும்.*

* பின்னால் உளுந்து மாறும். மற்றது மாறாது.

3

சந்திரமோகனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அந்த ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் திட்டப் பிரிவு இன்ஜினீயர். டர்பைனின் எந்தப் பாகம் எந்தப் பட்டறைக்கு எப்போது போக வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்று சார்ட் போடுவது அவன் வேலை. அந்தப் பிரிவில் அவன் கொண்டுவந்த வழக்கம் ஒன்று உண்டு. எந்த வேலையை யாருக்குக் கொடுத்தாலும், அது நடுவில் நின்றுபோனால் எடுத்துச் செய்ய "அடுத்த ஆள்" ஒருவரையும் அப்போதே சொல்லி வைத்துவிடுவார்கள். வேலை நின்றது என்று தெரிந்த அந்த நிமிஷமே அடுத்த ஆள் யாரையும் கேட்காமல் தொடங்கிவிட வேண்டும். உத்தரவுக்குக் காத்திருக்கக் கூடாது, யோசிக்கவும் கூடாது. இதனால் டர்பைன்கள் தேதி தவறாமல் போய்ச் சேர்ந்தன. ஆளுக்கு நல்ல பெயர்.

இப்படிப்பட்டவன் தன் ஜாவா மோட்டார் சைக்கிளில் ஹைதராபாத்திலிருந்து சொந்த ஊரான குளித்தலைக்குத் தனியாகப் போய்வர ஆசைப்பட்டான். ஆசை வந்ததும் என்ன செய்வான்? ஹாலில் சார்ட் ஒட்டினான். கலர் பென்சில் அடித்தது மகள் கிரிஜா. மூன்றாம் வகுப்பு. தமிழ் எல்லாம் புரியும், வாயைத் திறந்தால் தெலுங்கு.

ஜேம்ஸ் வந்து அந்தச் சார்ட்டைப் பார்த்தான். ஜேம்ஸ் லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். மெட்டுகுடாவில் சந்திரமோகனின் மனைவி சாந்தாவின் அண்ணனோடு சேர்ந்து வளர்ந்தவன், அதனால் அவளுக்கும் அண்ணன். கர்நூலில் இருக்கும் அக்கா வீடு வரை பின்னால் உட்கார்ந்து வருவதாக ஏற்பாடு. அதற்கு மேல் சந்திரமோகன் தனி.

"என்ன மாப்ளே, ஊருக்குப் போறீங்களா, ஆப்பரேஷனுக்குப் போறீங்களா?"

"ஜட்சர்லால டீ. கர்நூல்ல சாப்பாடு. ராத்திரி அனந்தப்பூர்ல துரைராஜ் வீடு. என்கூட வேலை பாத்தவர். இதுல என்ன தப்பு?"

"ஜட்சர்லால டீ நல்லா இல்லேன்னா?"

"நல்லா இல்லேன்னாலும் அங்கதான்."

"கைக்கு மாப்ளே, எதுக்கு இவ்வளவு? ரோடு அது. உங்க ஃபாக்டரி இல்லை."

"ரோடுங்கறதாலதான் ஜேம்ஸ். ஃபாக்டரில தப்பு நடந்தா மெஷின் நிக்கும். ரோட்டுல..."

சாந்தா சமையலறையிலிருந்து சிரித்தாள். "நக்கோ, வேணாம் அண்ணா, விட்டுடுங்க. நானே கல்யாணமான நாளா இவர்கிட்ட தோத்துக்கிட்டிருக்கேன்."

சிரித்தாளே தவிர, அவளுக்கு அதில் பெருமைதான். ஊரில் எத்தனை பேர் வீட்டில் எண்ணெய் தீர்ந்தது கூடத் தெரியாமல் இருக்கிறார்கள். இவனோ அவளுக்கு ஃபியூஸ் போடச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். வீட்டுச் சாவி ஒன்றைப் பக்கத்து வீட்டு ஜலஜாவிடம் கொடுத்து வைத்திருக்கிறான். எல்லாவற்றுக்கும் மேலே, டைப்ரைட்டிங்.

(அடைப்புக்குறிக்குள் சொல்கிறேன், ஆனால் கதையே இதில்தான் இருக்கிறது. போன வருஷம் ஒரு நாள் சந்திரமோகன், "சும்மா வீட்லயே கிடக்காதே சாந்தா, போய் டைப் கத்துக்க" என்று லிங்கம்பள்ளிக் கடைத்தெருவில், மாடியில் இருக்கும் ஒரு இன்ஸ்டிட்யூட்டில் சேர்த்துவிட்டான். அவள் வகுப்புக்குப் போகும் சாயங்காலங்களில் அவனே கிரிஜாவுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்து, தோசையும் வார்த்துப் போட்டான். சாந்தாவுக்கு அந்த மெஷின் பிடித்துப்போயிற்று. கண்ணை மூடிக்கொண்டாலும் விரல் தானாகப் போய் எழுத்தைத் தேடி எடுத்தது. லோயரில் முதல் வகுப்பு. அதுவரை அவள் எதிலும் முதலாவதாக வந்ததில்லை. புருஷன் தன்னை ஒரு மனுஷியாக நினைக்கிறான் என்று அந்த மாடிப்படி ஏறும்போதெல்லாம் அவளுக்கு மனசு நிறைந்தது. ஹையர் பரீட்சைக்கு இப்போது படித்துக்கொண்டிருக்கிறாள்.)

எனக்கு இந்தச் சந்திரமோகன் மேல் சந்தேகம். இவ்வளவு ஒழுங்கான ஆளை நான் பார்த்ததில்லை. கதையில் இப்படி ஒருவன் வந்தால் அவனுக்கு எங்காவது ஒரு விரிசல் வைக்க வேண்டும். குடிப்பானா? அதற்கும் சார்ட் போடுவான். வேறு பெண்? அதெல்லாம் தலைவலி என்று நினைக்கிற ஆள். தேடித் தேடி அலுத்து, விரிசலே இல்லாமல்தான் அவனை வண்டியில் ஏற்றினேன்.

4

ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் கிளம்பினார்கள். என் திட்டப்படி இதற்குப் பிறகு நடக்க வேண்டியது: ஜேம்ஸ் வழியெல்லாம் கேலி செய்வான், சார்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழியும், சந்திரமோகன் திருந்தித் திரும்புவான், சாந்தா வாசலில் நின்று சிரிப்பாள். சுபம்.

கிளம்பும்போது சாந்தா கேட்டாள், "போய்ச் சேந்ததும் தந்தி அடிப்பீங்களா?"

"நல்லபடியா போனா எதுக்கு தந்தி? தந்தி வரலேன்னா நல்லா இருக்கேன்னு அர்த்தம்."

இந்த வரியை அவன் வாயில் வைக்க நான் நினைக்கவே இல்லை. அவனாகவே சொன்னான். சொல்லிவிட்டு வண்டியை உதைத்தான், ஒரே உதையில் கிளம்பிவிட்டது. ஜேம்ஸ் பின்னால் உட்கார்ந்து, கல்யாண ஊர்வலத்து மாப்பிள்ளைத் தோழன் மாதிரி இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு போனான்.

5

திங்கட்கிழமை. காலைச் சங்கு ஊதி வெகு நேரம் ஆகிவிட்டது. அந்த நேரத்தில் குவார்ட்டர்ஸ் தெருவில் பெண்கள் மட்டும்தான் இருப்பார்கள். சாந்தா வாசல் குழாயில் கிரிஜாவின் பள்ளிக்கூடத்துச் சட்டையை அலசிக்கொண்டிருந்தாள். (உளுந்து போய்ச் சட்டை வந்துவிட்டது. சொன்னேன் இல்லையா.) தெருமுனையில் கோவிந்தராஜன் வருவதைப் பார்த்தாள். கணவனின் பிரிவில் சீனியர் அசிஸ்டென்ட். ஃபாக்டரிக்குள் இருக்க வேண்டிய மனிதர், வெயிலில், தலையில் கைக்குட்டை கூட இல்லாமல் வருகிறார்.

அவள் ஈரச் சட்டையைப் பிழியாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உள்ள வாம்மா, உக்காரு" என்றார், அவள் வீட்டுக்குள் அவளையே கூப்பிட்டு.

அவர் சொன்னது இதுதான். அனந்தப்பூரிலிருந்து துரைராஜ் அவருக்குத் தந்தி அடித்திருக்கிறார்: சந்திரமோகன் ராத்திரி வந்து சேரவில்லை. விடிந்தும் வராவிட்டால் கோவிந்தராஜனுக்குத் தந்தி அடிக்க வேண்டும் என்று துரைராஜுக்கு முன்பே சொல்லி வைத்ததாம். தந்தி வந்தால் வழியில் இருக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கெல்லாம் டிரங்க் கால் போட வேண்டும் என்று கோவிந்தராஜனுக்கும் முன்பே சொல்லி வைத்ததாம். போட்டார். கர்நூல் தாண்டி டோன் என்ற ஊரில், நேற்று சாயங்காலம் ஒரு மோட்டார் சைக்கிள்காரர் மேல் லாரி ஏறிவிட்டது. தனியாகப் போனவர். உயிர் அங்கேயே போய்விட்டது. யார் என்று தெரியவில்லை, வண்டியையும் அடையாளம் சொல்ல முடியாத நிலைமை. அடையாளம் பார்க்க ஆபீஸ் ஜீப்பில் இரண்டு பேர் கிளம்பிப் போய்விட்டார்கள்.

"அவராத்தான் இருக்கும்னு இல்லைம்மா" என்றார். சொல்லும்போதே அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

சாந்தாவுக்கு அழுகை வரவில்லை. சட்டையிலிருந்து சொட்டிய தண்ணீர் தரையில் ஓடி ஜேம்ஸின் பழைய செருப்பு வரை போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஜேம்ஸ் அண்ணன் பூட்ஸ் போட்டுக்கொண்டு போயிருக்கிறார் போல என்று நினைத்தாள். ஏன் அதை நினைத்தாள் என்று எனக்கும் தெரியாது.

அப்போது வாசல் கதவு திறந்தது. ஜலஜா. தட்டவில்லை, தன்னிடம் இருந்த சாவியாலேயே திறந்துகொண்டு வந்தாள். ஜமுக்காளத்தைக் கொண்டுவந்து ஹாலில் விரித்தாள். "கிரிஜாவை நான் ஸ்கூல்லேருந்து கூட்டியாந்து எங்க வீட்ல வச்சுக்கறேன்க்கா, சாப்பாடெல்லாம் பாத்துக்கறேன்" என்றாள். பின்தெரு அய்யாக்கண்ணு சைக்கிளோடு வந்து நின்று, அண்ணனுக்குத் தகவல் சொல்ல மெட்டுகுடாவுக்குப் புறப்பட்டுவிட்டதாகச் சொன்னார். ஃபோர்மேன் ஒருவர் வந்து, வேன் தயாராக இருக்கிறது என்று சொல்லி, எதற்கு என்று மட்டும் சொல்லாமல் நின்றார். தாயம்மாள் என்ற கிழவி வந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

யாரும் என்ன செய்யட்டும் என்று அவளைக் கேட்கவில்லை. ஒருவர் வேலை முடிகிற இடத்தில் அடுத்தவர் தொடங்கினார்கள். சாந்தா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். மெதுவாகத்தான் அவளுக்கு விளங்கியது.

"ஜலஜா, உன்னை யாரு வரச் சொன்னது?"

ஜலஜா கோவிந்தராஜனைப் பார்த்தாள்.

"உன்னைத்தான் கேக்கறேன்."

"சார்தான்க்கா. ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி. இந்த மாதிரி எதுனா ஆச்சுன்னா... எல்லாருக்கும் ஒண்ணு ஒண்ணு சொல்லிட்டுத்தான் போனாரு." ஜலஜா அவள் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். "பொட்டை அழிக்கறது, வளையலை உடைக்கறதெல்லாம் யாரு சொன்னாலும் விடக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாருக்கா. பெரியவங்க வந்து சத்தம் போட்டாலும் நீதான் நின்னு தடுக்கணும்னாரு."

இங்கே நான் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். இந்த ஆளை என்ன செய்வது? பெண்டாட்டியின் நெற்றியில் பொட்டு இருக்க வேண்டும் என்று செத்த பிறகும் கவலைப்படுகிறவனை மெச்சுவதா? உயிரோடு இருக்கும்போதே டீ குடித்துக்கொண்டு அவளுடைய விதவைக் கோலத்தைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசி முடித்தவனை என்ன செய்வது? இரண்டு பேரும் ஒரே ஆள்தான். அவனுக்கு விரிசல் இல்லை என்றேன், என் பார்வையில் கோளாறு.

6

இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. இதை விட்டுவிட்டால் கதை நிம்மதியாக முடிந்துவிடும். விடக் கூடாது.

கோவிந்தராஜன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். தொண்டையைச் செருமினார். "ஒண்ணு கேக்கணும்மா. கேக்கறதுக்கு எனக்கு நாக்கு கூசுது. ஆனா சார் சொல்லிட்டுப் போயிருக்கார்."

"கேளுங்க சார்."

"அழ ஆரம்பிச்சுட்டா ஒரு மாசத்துக்கு உங்கிட்டேருந்து பதிலே வராது, அதுக்கு முன்னாடி கேட்டுடுங்கன்னார்." அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வேலைல இருக்கறவர் தவறிட்டா வீட்ல ஒருத்தருக்கு ஃபாக்டரில வேலை உண்டு. நாளைலேருந்து பர்சனல் ஆபீசர் லீவு. இன்னிக்கே வாய்வார்த்தையா சொல்லி வச்சுட்டா நல்லதாம். ஆபீஸ் அட்டெண்டரா போறியா, டைப்பிஸ்டா போறியா?"

"டைப்பிஸ்ட்" என்றாள் சாந்தா.

சட்டென்று வந்தது பதில். அதோடு நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை. "ஹையர் இன்னும் முடிக்கலை சார். லோயர்தான். ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றாள்.

ஃபர்ஸ்ட் கிளாஸ் என்று சொன்னபோது குரலில் பழைய பெருமை அப்படியே இருந்தது. அது அவள் காதிலேயே விழுந்தது. ஹாலில் இருந்த எல்லார் காதிலும் விழுந்தது. தாயம்மாள் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். சாந்தா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போதுதான் மாடிப்படி நினைவுக்கு வந்தது. அந்த மெஷின், அவன் வார்த்துப் போட்ட தோசை, சாப்பிடும்போது "இன்னிக்கு ஸ்பீடு எவ்வளவு சாந்தா?" என்று ஆசையாகக் கேட்டது, எல்லாம். அவளுக்காக என்று நினைத்தாள். வேலை நின்றுபோனால் எடுத்துச் செய்ய ஒரு அடுத்த ஆள் வேண்டும். அது அவள். ஒரு வருஷமாக அவளைத் தயார் செய்திருக்கிறான். அவளும் தயாராக இருந்திருக்கிறாள். புருஷன் உடம்பு இன்னும் வீட்டுக்கு வரவில்லை, அவள் உத்தியோகம் கேட்டு வாங்கிவிட்டாள்.

கிரிஜா பள்ளிக்கூடத்திலிருந்து ஜலஜாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவள், கூட்டத்தைப் பார்த்து, "எந்துக்கம்மா அந்தரூ ஒச்சாரு?" என்று கேட்டாள். எல்லாரும் ஏன் வந்திருக்கிறார்கள்? சாந்தாவால் தமிழிலும் சொல்ல முடியவில்லை, தெலுங்கிலும் சொல்ல முடியவில்லை.

7

சந்திரமோகன் எங்கே போனான்?

எங்கும் போகவில்லை. கர்நூலில் துங்கபத்ரா பாலத்தின் மேல் ஜேம்ஸ், "மாப்ளே, ஒரு நிமிஷம்" என்றான். இறங்கி ஆற்றில் கால் நனைத்தான். சந்திரமோகன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி கரையில் நின்றான். ஜேம்ஸ் தண்ணீரை வாரி அவன் மேல் அடித்தான். சட்டை நனைந்துவிட்டது, காய வேண்டும், காய்கிற வரை சும்மா நிற்பானேன் என்று இவனும் இறங்கினான். கடிகாரத்தைக் கழற்றி ஒரு கல் மேல் வைத்தான். குளித்தலையில் காவிரியில் ஆடியது இருபது வருஷத்துக்கு முன்னால். சாயங்காலம் வரை அவன் கரை ஏறவில்லை. ஜேம்ஸின் அக்கா வீட்டில் மீன் குழம்பு தின்று, பாயில் படுத்து, அடித்துப் போட்டது போலத் தூங்கினான். ஜேம்ஸ் ஜெயித்துவிட்டான். என் திட்டத்தில் இது மட்டும் போட்டபடியே நடந்தது.

துரைராஜுக்கு ஒரு தகவல் சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. வழியில் ஆபத்து வந்தால் யார் யார் என்னென்ன செய்ய வேண்டும் என்பதையெல்லாம் யோசித்தவன், வழியில் சந்தோஷம் வந்தால் என்ன செய்வது என்று யோசித்திருக்கவில்லை.

மறுநாள் தனியாக டோன் வரை போனான். ரோட்டோரம் நொறுங்கிக் கிடந்த வண்டியைப் பார்த்து நிறுத்தினான். அங்கே நின்ற போலீஸ்காரர், "மீரு எவரு?" என்று விசாரித்தார், பெயரைச் சொன்னான், அவர் ஒரு அடி பின்னால் போனார். ஹைதராபாத்திலிருந்து அந்தப் பெயரைத்தான் காலையில் கேட்டார்கள். ஸ்டேஷனிலிருந்து கோவிந்தராஜனின் மேசைக்கு டிரங்க் கால் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. திட்டத்தில் இருந்தது அந்த ஒரு நம்பர்தான். அந்த மேசைக்காரரோ திட்டப்படி இவன் வீட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தார். வண்டியைத் திருப்பினான். எதிரே வந்த ஆபீஸ் ஜீப்பை வழியில் எங்கோ அவன் கடந்திருக்க வேண்டும்.

அடிக்குறிப்பாகப் போட வேண்டியது, மனசு கேட்காமல் இங்கேயே எழுதுகிறேன்: டோனில் ஒருவர் உண்மையிலேயே செத்துப்போயிருக்கிறார். கதை நகர வேண்டும் என்பதற்காக நான்தான் அவரை அந்த லாரிக்கு அடியில் தள்ளினேன். அவருக்கு ஒரு பெயர் வைக்கப் பார்த்தேன். பெயர் வைத்தால் ஊர் வரும், ஊர் வந்தால் வீடு வரும், அந்த வீட்டு வாசல் குழாயில் ஒருத்தி எதையாவது அலசிக்கொண்டு— முடியவில்லை. அந்த வீட்டுக்கு யாரும் ஜமுக்காளம் எடுத்துக்கொண்டு போகவில்லை. சந்திரமோகனைத் திட்டுவதற்கு முன்னால் இதையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.

8

வெயில் தாழ்ந்த நேரத்தில் தெருமுனையில் ஜாவாவின் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் குவார்ட்டர்ஸில் எல்லாருக்கும் தெரியும். ஹாலில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கிரிஜா, "நான்னா!" என்று அப்பாவைத் தேடி ஓடினாள். ஜலஜா அலறிக்கொண்டு எழுந்தாள்.

சந்திரமோகன் உள்ளே வந்தான். முகம் புழுதி, தலைமுடியில் ஆற்று மணல். ஆட்கள் அவனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள், திட்டினார்கள், அழுதார்கள். அவனும் அழுதான். அதெல்லாம் நியாயமாக நடந்தது.

சாந்தா சமையலறை வாசலில் நின்றாள். அவனைப் பார்த்ததும் அத்தனை நேரம் வராத அழுகை வந்துவிட்டது. உயிரோடு இருக்கிறான். அது போதும், வேறு எதுவும் வேண்டாம் என்றுதான் அந்த நிமிஷம் இருந்தது. அதில் பொய் இல்லை. அவன் பக்கத்தில் வந்து அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டான். அவள் நெற்றியைப் பார்த்தான், வளையலைப் பார்த்தான். பிறகு அவள் தலைக்கு மேலே ஹாலைப் பார்த்தான். ஜலஜா, கோவிந்தராஜன், ஃபோர்மேன், தாயம்மாள், விரித்த ஜமுக்காளம். அவன் மூச்சு சீரானது. அவள் காதருகில் மெதுவாகக் கேட்டான்:

"எல்லாரும் சரியா வந்தாங்களா?"

இந்த இடத்துக்கு நான் மூன்று முடிவு எழுதி வைத்திருந்தேன்.

முதல் முடிவில் சாந்தா அவனை ஓங்கி அறைகிறாள். கை வலித்ததுதான் மிச்சம். அவன் செய்தது எதுவும் தப்பில்லை, அதனால் அறை எங்கே விழ வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை.

இரண்டாவதில் அவள் சிரித்துவிடுகிறாள், எல்லாரும் சிரிக்கிறார்கள், தாயம்மாள் காபி கொண்டுவருகிறாள். இதை எழுதியதற்காக வெட்கப்படுகிறேன்.

மூன்றாவதில் அவள் பதில் சொல்கிறாள்: "வந்தாங்க. நானும் என் வேலையைச் சரியா முடிச்சுட்டேன்."

மூன்றாவதைத்தான் வைத்துக்கொண்டேன். அவன், "உன் வேலையா?" என்றான். அவள் அவன் தோளிலிருந்து தலையை எடுத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கோவிந்தராஜன் சாரைக் கேளுங்க, சொல்லுவார்" என்றாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் இதுவும் முடிவு இல்லை. மறுநாள் செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் டைப் வகுப்பு இருக்கிறது. ஹையர் பரீட்சை பக்கத்தில் வந்துவிட்டது. சாந்தா அந்த மாடிப்படி ஏறினாளா? ஏறினால், இனி அவள் விரல் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தும் அவன் சாவுக்காகச் சேர்த்து வைப்பதுதான். ஏறாவிட்டால், வாழ்க்கையில் அவள் முதலாவதாக வந்த ஒரே ஒரு விஷயமும் போயிற்று. இரண்டையும் எழுதிப் பார்த்துக் கிழித்துவிட்டேன். இதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். எனக்குத் தெம்பில்லை.

பந்தியில் என் வலப்பக்கம் உட்கார்ந்திருந்த அம்மாளைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்காமலேயே கூடக் கொஞ்சம் தெரிந்திருக்கும், அவர் விரல்களைப் பார்த்திருந்தால். வருஷக்கணக்காக டைப் அடித்த விரல் மேசை மேல் சும்மா கிடக்காது. நான் பார்க்கவில்லை. அவர் அந்த வாக்கியத்தைச் சொன்னதும் என் கண் நேராகப் போனது அவர் நெற்றிக்கு. உங்கள் கண்ணும் அங்கேதான் போயிருக்கும். பொட்டு இருந்தது. அன்றைக்கு அதைப் பார்த்து எனக்கு நிம்மதியாகக் கூட இருந்தது. அதை வைத்து எதையும் சொல்ல முடியாது என்று, ஜலஜாவின் சத்தியத்தை எழுதிய பிறகு, இப்போது தெரிகிறது.